நியூ ஆர்லியன்ஸின் மேயர் மூன் லேண்ட்ரூ

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1930இல் பிறந்தவர் மூன் லேண்ட்ரூ. சட்டம் படித்து, ராணுவத்தின் சட்டப் பிரிவில் 1957 வரை வழக்கறிஞராக இருந்தார். பிறகு அந்நகரம் அமைந்த லூசியானா மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினரானார். 1960இல், வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிப்பதைத் தடுக்க அடுக்கடுக்காக மசோதாக்கள் வந்தபோது, எதிர்த்து வாக்களித்த வெகு சிலரில் இவரும் ஒருவர். அன்றைய தென் மாநிலத்தில் அது அரசியல் தற்கொலைக்குச் சமம்! நடந்ததோ வேறு. 1970இல் மேயரானார், எட்டாண்டுகள் நீடித்தார். நகர நிர்வாகத்தின் உயர் பதவிகளிலும் கறுப்பினத்தவரை அமர்த்தினார். பின்னர் அதிபர் கார்ட்டரின் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறை அமைச்சரானார். 2010இல் இவர் மகன் மிட்ச் அதே நகரின் மேயரானபோது, தந்தை மூன் உயிருடன் இருந்தார். 2022இல், 92ஆம் வயதில் காலமானார்.