தானியங்கி நறுமணத் தெளிப்பான்

தானியங்கி நறுமணத் தெளிப்பான் என்பது, குறிப்பிட்ட கால இடைவெளியில் குறிப்பிட்ட அளவு நறுமணத் திரவத்தை அறையின் காற்றில் தானாகவே தெளிக்கும் சிறு மின்கருவியாகும். அலுவலகக் கழிவறைகள், தங்கும் விடுதிகள், திரையரங்குகள், வீடுகள் போன்ற இடங்களில் இது சுவரில் பொருத்தப்படுகிறது அல்லது அலமாரியின் மேல் வைக்கப்படுகிறது. இதே அமைப்புடைய கருவிகள் பூச்சிக்கொல்லி தெளிக்கவும் பயன்படுகின்றன. பெரும்பாலான கருவிகளில் ஒரு தெளிப்பின் அளவைக் குப்பியில் உள்ள வால்வு முடிவு செய்கிறது. பயன்படுத்துவோர் மாற்றக்கூடியது கால இடைவெளி மட்டுமே. அந்த இடைவெளியை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதே இக்கருவியைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி.

அமைப்பும் இயக்கமும்

கருவியின் உள்ளே அழுத்தக் குப்பி, சிறு மோட்டார், பற்சக்கரங்கள், நேரங்காட்டும் மின்சுற்று, மின்கலங்கள் ஆகியவை உள்ளன. குறித்த நேரம் வந்ததும் மின்சுற்று மோட்டாரை இயக்குகிறது. பற்சக்கரங்கள் மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, அதன் திருப்பு விசையைக் கூட்டுகின்றன. அவற்றுடன் இணைந்த நெம்புகோல் குப்பியின் தலைப்பகுதியைக் கீழே அழுத்துகிறது. தெளிப்பு முடிந்ததும் வால்வின் சுருள்வில் அதைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மோட்டார் மிகச் சிறிது நேரமே ஓடுவதால் மின்கலங்கள் பல மாதங்கள் நீடிக்கின்றன. சில கருவிகளில் ஒளி உணரியும் உண்டு. விளக்கு அணைந்து அறை இருட்டாக இருக்கும்போது அது தெளிப்பை நிறுத்தி வைக்கிறது.

அளவு வால்வு

சாதாரண நறுமணக் குப்பியில் விரலை எடுக்கும்வரை திரவம் வெளியேறிக்கொண்டே இருக்கும். தானியங்கிக் கருவிக்கான குப்பியில் பெரும்பாலும் அளவு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். இதனுள் சிறு அறை ஒன்று உள்ளது. வால்வை அழுத்தும்போது முதலில் குப்பியிலிருந்து அந்த அறைக்கு வரும் வழி அடைபடுகிறது. பிறகு வெளியேறும் வழி திறக்கிறது. எனவே அறையில் நிரம்பியிருந்த திரவம் மட்டுமே வெளிவருகிறது. எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அதற்கு மேல் வராது. அழுத்தம் நீங்கியதும் அறை மீண்டும் நிரம்புகிறது. ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும் அழுத்தக் குப்பி வகை இன்ஹேலரும் இதே தத்துவத்தில்தான் மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் தருகிறது.

குப்பியில் நறுமணப் பொருளுடன் உந்துவாயுவும் இருக்கிறது. இன்று பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன், ஐசோபியூட்டேன் ஆகியவற்றின் கலவை உந்துவாயுவாகப் பயன்படுகிறது. சமையல் எரிவாயுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அழுத்தத்தில் திரவமாக இருக்கும் இது, வெளியே வந்தவுடன் ஆவியாகி, நறுமணத் திரவத்தை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது.

வரலாறு

அழுத்தக் குப்பியின் முன்னோடி வடிவத்தை 1920களில் நார்வேப் பொறியாளர் எரிக் ரொத்தெய்ம் உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, மலேரியா பரப்பும் கொசுக்களிடமிருந்து படைவீரர்களைக் காக்க, அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த லைல் குட்ஹியூ, வில்லியம் சல்லிவன் ஆகியோர் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பூச்சிக்கொல்லிக் குப்பியை வடிவமைத்தனர். அளவு வால்வு பொருத்திய இன்ஹேலர் 1956இல் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் குளோரோபுளோரோகார்பன்கள் உந்துவாயுவாகப் பயன்பட்டன. அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எடுத்துக்காட்டினர். 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன.

இடைவெளிக் கணக்கு

ஒரு குப்பி 2,400 முறை தெளிக்கும் என்றும், கருவியில் 9, 18, 36 நிமிடங்கள் என்ற மூன்று நிலைகள் உள்ளன என்றும் கொள்வோம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள்.

9 நிமிட இடைவெளி: நாளுக்கு 160 தெளிப்புகள், குப்பி 15 நாள் வரும்.
18 நிமிட இடைவெளி: நாளுக்கு 80 தெளிப்புகள், குப்பி 30 நாள் வரும்.
36 நிமிட இடைவெளி: நாளுக்கு 40 தெளிப்புகள், குப்பி 60 நாள் வரும்.

இடைவெளி பாதியானால் செலவு இரு மடங்காகிறது. அறையில் இருப்போர் சுவாசிக்கும் வேதிப்பொருளின் அளவும் அதே விகிதத்தில் கூடுகிறது.

மூக்கின் பழக்கம்

ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும்போது, சில நிமிடங்களிலேயே அதை உணரும் திறன் குறைந்துவிடுகிறது. பூக்கடையில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு மல்லிகையின் மணம் அவ்வளவாகத் தெரிவதில்லை. கடைக்குள் நுழைபவருக்கு உடனே தெரிகிறது. இடைவெளி விட்டுத் தெளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவே மணம் சற்றுத் தணிந்தால்தான் அடுத்த தெளிப்பு உணரப்படும்.

இதிலிருந்து ஒரு சிக்கலும் எழுகிறது. அறையிலேயே இருப்பவர், மணம் வரவில்லை என்று எண்ணி இடைவெளியைக் குறைத்துவிடுகிறார். உண்மையில் காற்றில் மணப்பொருள் குறையவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. ஆகவே அறையில் நெடுநேரம் இருப்பவரின் மூக்கு இதற்குச் சரியான அளவுகோல் அன்று. சிறிது நேரம் வெளியே சென்று திரும்பும்போது மணம் தெரிந்தால் அந்த இடைவெளியே போதுமானது.

உடல்நலம்

நறுமணத் தெளிப்பான் துர்நாற்றத்தை மறைக்கிறதே தவிர, அதன் காரணத்தை நீக்குவதில்லை. தெளிக்கப்படும் பொருள்கள் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு இவை தொல்லையைத் தூண்டலாம். எலுமிச்சை, ஆரஞ்சு மணத்திற்குக் காரணமான லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து பார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் சிறிதளவு உண்டாக்குகிறது. குழந்தைகளும் நோயாளிகளும் உறங்கும் அடைத்த அறைகளில் இக்கருவியைத் தவிர்ப்பது நல்லது.

நாற்றம் பல நேரங்களில் ஓர் எச்சரிக்கை. சுவரில் ஊறும் ஈரம், அடைபட்ட கழிவுநீர்க் குழாய், கருகும் மின்கம்பி ஆகியவற்றை மூக்கே முதலில் கண்டுபிடிக்கிறது. மணமற்ற சமையல் எரிவாயுவில் நெடியுள்ள பொருளைக் கலப்பதும் கசிவை மூக்கு அறிய வேண்டும் என்பதற்காகவே. ஆகையால் முதலில் தூய்மை, அடுத்து காற்றோட்டம், அதன் பின்னரே நறுமணம் என்ற வரிசை பொருத்தமானது.

பூச்சிக்கொல்லி வகைக் கருவிகளில் கூடுதல் கவனம் தேவை. சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பூக்களிலிருந்து கிடைக்கும் பைரத்திரின் அல்லது அதைப் போன்ற செயற்கைப் பொருள்கள் இவற்றில் பயன்படுகின்றன. இவை மீன்களுக்கு நஞ்சு. இவ்வகைச் செயற்கைப் பொருள்களில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைகளுக்கும் நஞ்சாகும். உணவு திறந்திருக்கும் இடத்தில் இக்கருவிகளை வைக்கக் கூடாது.

பாதுகாப்பு முறைகள்

உந்துவாயு தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பு, விளக்குச் சுடர், ஊதுவத்தி ஆகியவற்றின் அருகே கருவியை வைக்கக் கூடாது. கண் மட்டத்துக்கு மேலே, தெளிப்பு யார் முகத்திலும் படாதவாறு பொருத்த வேண்டும். குப்பியை மாற்றுமுன் கருவியை நிறுத்த வேண்டும். மீண்டும் இயக்கியதும் சில நொடிகளில் முதல் தெளிப்பு வரக்கூடும் என்பதால் துளையை முகத்திலிருந்து விலக்கிப் பிடிப்பது அவசியம். குப்பியை வெயிலில் வைப்பதோ, காலியான பின் துளையிடுவதோ, குப்பையோடு எரிப்பதோ ஆபத்தானது. மிஞ்சியுள்ள வாயு சூட்டில் விரிந்து குப்பி வெடிக்கக்கூடும்.

பிற பயன்பாடுகள்

சிறு அளவைச் சரியான நேரத்தில் தருவது என்ற தத்துவம் வேறு பல கருவிகளிலும் பயன்படுகிறது. மண்ணின்றி வளர்க்கப்படும் செடிகளின் வேர்களுக்கு ஊட்ட நீரைத் தெளிக்கும் அமைப்புகள், இயந்திரங்களின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விடும் கருவிகள், நீரிழிவு நோயாளிகளுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மிகச் சிறிதளவு மருந்து செலுத்தும் இன்சுலின் பம்புகள் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இன்சுலின் பம்பின் அளவை மருத்துவர் குறித்துத் தருகிறார். நறுமணத் தெளிப்பானின் இடைவெளியைக் குறிப்பது வீட்டில் இருப்பவரே.