கோளாறு கழுத்தில், அடையாளம் கையில்

எலும்புக்கும் நரம்புக்கும் வைத்தியம் பார்க்கக் கோவையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1978-ல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. அவிநாசி சாலை நெடுகத் தனியார் மருத்துவமனைகள். திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கேரளத்திலிருந்தும் நோயாளிகள் இங்கே வந்து குவிகிறார்கள். ஆனால் இந்த ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில், கழுத்து டிஸ்க் பிதுங்கித் தண்டுவடம் நசுங்கி, கை மரத்து நடை தளர்ந்துவரும் பெரியவரைக் காட்டி, "வயசாயிருச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். முதுமையில் வரும் தண்டுவட பாதிப்புகளில் முதன்மையானது இந்தக் கழுத்துக் கோளாறுதான். ஆரம்பத்தில் பிடித்தால் தடுத்து நிறுத்தலாம். அதைப் பிடிக்க முதலில் தேவைப்படுவது ஸ்கேன் அல்ல, பெரியவரின் கையையும் நடையையும் கவனிக்கும் இரண்டு கண்கள் என்பதே என் வாதம்.

கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றின் நடுவே தண்டுவடம் இறங்கும் துவாரம் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகிய துவாரம் என்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான். எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குக்கு, வளர்ந்த மனிதர்களில், ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் மூடியாக இருக்கும் மெல்லிய தகட்டின் வழியே கசிந்து வரும் சத்தை நம்பித்தான் அது பிழைக்கிறது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் இடுப்பு டிஸ்க்குகளில் இந்தக் கசிவை எம்.ஆர்.ஐ. வழியாகத் தொடர்ந்து படமெடுத்து, அந்தத் தகடு கெட்டால் டிஸ்க்கும் கெடும் என்று காட்டினார்கள். சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு 2004-ல் அந்த ஆய்வுக்குக் கிடைத்தது. கழுத்து டிஸ்க்கின் கட்டுமானமும் அதே வகைதான். வயதாக ஆக அது வறண்டு தட்டையாகிப் பின்பக்கம் பிதுங்குகிறது. ஓரத்தில் எலும்பு முள் முளைக்கிறது. பின்னாலுள்ள தசைநார் தடித்து மடிகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது தண்டுவடம். தலையைக் குனிந்து நிமிரும்போதெல்லாம் அது மறுபடி மறுபடி உரசப்படுகிறது, அதற்கு வரும் ரத்தமும் குறைகிறது. செத்த தண்டுவட நரம்புத் திசு திரும்ப முளைப்பதில்லை.

இந்த நோய் ஏமாற்றுவது வலியில்தான். பக்கவாட்டில் கிளம்பும் நரம்பு நசுங்கினால் தோளிலிருந்து விரல்வரை சுளீரென்று இழுக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுவோம். தண்டுவடமே நசுங்கும்போது பலருக்குக் கழுத்தில் வலியே இருப்பதில்லை. சட்டைப் பட்டன் போட நேரமாகிறது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவருக்கு அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை. சத்தியமங்கலத்தில் மல்லிகை தொடுக்கும் பெண்ணுக்கு நாருக்குள் காம்பு நிற்க மாட்டேன் என்கிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி இலையிலேயே விழுகிறது. காலில் மாட்டிய ரப்பர் செருப்பு வழியிலேயே கழன்று போயிருக்கும். பத்தடி நடந்த பிறகுதான் தெரியும். இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பார். இவற்றில் எதைச் சொல்லியும் யாரும் வைத்தியரிடம் போவதில்லை. போனாலும் குழப்பம் தீராது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. பாதம் மரத்தால் பழி நேரே சர்க்கரையின் மேல் விழுந்துவிடும். விரல் மரத்தால் மணிக்கட்டு நரம்பு இறுக்கம் என்பார்கள். இஸ்ரேலில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துத் தண்டுவட நோயாளிகளில் ஐந்தில் இருவருக்கு முதலில் சொல்லப்பட்டது அந்த மணிக்கட்டு நோய்தான். சரியான நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பயிற்சி பெற்ற மருத்துவர்களே தடுமாறும் இடம் இது என்பதை மறந்துவிட்டு ஊர்ப்புறத்து மருத்துவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சரி, அறுபது தாண்டிய எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்றால், அதைத்தான் செய்யக் கூடாது. ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படி. தண்டுவடம் அழுந்தியிருந்தவர்கள் 5.3 சதவீதம், அவர்களுக்கும் நோய்க்குறி இல்லை. ஆகவே ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்ற வரியைப் பார்த்ததும் தூக்கம் தொலைப்பது வீண். அந்த வரியைக் காட்டி அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பவர் இருந்தால் அவரைச் சந்தேகிப்பது நியாயம். நோய்க்குறியே இல்லாத ஒருவருக்குப் படத்தில் அழுத்தம் தெரிகிறது என்பதற்காக மட்டும் கத்தி வைக்க வேண்டாம் என்றுதான் 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறியும் சொல்கிறது. தேவையில்லாத ஆபரேஷனுக்கு அஞ்சுகிறவர்கள் கையைச் சோதிக்கும் பழக்கத்தை வரவேற்கத்தான் வேண்டும். யாருக்கு ஸ்கேன் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்துக் கொடுப்பது அதுதான்.

அடுத்த தயக்கம் இன்னும் ஆழமானது. "இந்த வயசுல கழுத்துல கத்தி வெச்சா படுக்கையில விழுந்துருவாங்க" என்ற பயம் கொங்கு வீடுகளில் இன்றும் இருக்கிறது. பயம் முழுக்க ஆதாரமற்றது அல்ல. முன்பக்கமாகச் செய்யும் அறுவையில் சில வாரம் விழுங்கச் சிரமம், குரல் கம்மல் வரலாம். நூற்றில் சிலருக்குத் தோளைத் தூக்கும் பலம் தற்காலிகமாகக் குறையும். ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். அறுவை செய்யாமல் விட்டவர்களைத் தொடர்ந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் நிலைமை மோசமானவர்கள் 20 முதல் 62 சதவீதம். பல நாடுகளில் 479 பேரை வைத்து நடந்த ஆய்வில், 65 வயது கடந்தவர்களும் அறுவைக்குப் பின் தேறினார்கள். இளையவர்கள் அளவுக்கு இல்லை என்பது உண்மை. நடுத்தர, கடுமையான பாதிப்புக்கு அறுவை, லேசான பாதிப்புக்கு அறுவை அல்லது மருத்துவர் கண்காணிப்பில் பிசியோதெரபி என்பதே 2017 நெறி. அறுவையின் முதல் நோக்கம் மேற்கொண்டு கெடாமல் தடுப்பது. போன பலம் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அறுவை செய்தும் தேறவில்லை என்று ஊரில் கதை உலவுகிறதென்றால், அந்தக் கதைகளில் பல சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு அழைத்துப்போன கதைகளாக இருக்கும்.

சலூன் நாற்காலியில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது, சுளுக்கு வழிக்கிறவரிடம் கழுத்தைக் கொடுப்பது இரண்டும் கத்திக்கு அஞ்சும் இதே ஊர்களில் சகஜம். துவாரம் குறுகிய கழுத்துக்கு அந்த ஒரு திருப்பலே ஆபத்து. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்து விழுவதும், குளியலறையில் வழுக்கி முகம் அடிபடுவதும் அப்படித்தான். எலும்பு முறியாமலேயே தண்டுவடத்தின் மையம் நசுங்கிக் கைகள் கால்களைவிட அதிகம் செயலிழக்கும் நிலையை ஷ்னைடர் என்ற மருத்துவர் 1954-லேயே விவரித்துவிட்டார். தலைச்சுமை பற்றியும் கேட்பார்கள். சுமை தூக்குகிறவர்களின் கழுத்து சீக்கிரம் தேய்கிறது என்று ஆப்பிரிக்க ஆய்வுகள் சில சொல்கின்றன; மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில் மூட்டை சுமப்பவர்களுக்கு அது எச்சரிக்கைதான். செல்போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று பரவும் கணக்கு 2014-ல் ஒருவர் கணினி மாதிரியில் போட்டது. அதற்குக் காட்டும் பதற்றத்தில் கால்வாசியை வீட்டுப் பெரியவரின் நடைக்குக் காட்டினால் போதும்.

கையைச் சோதிக்க ஜப்பானிய மருத்துவர் ஓனோ 1987-ல் எழுதிய முறைக்குக் கருவி வேண்டாம். இரு உள்ளங்கையும் தரையைப் பார்க்க நீட்டி, பத்து நொடியில் எத்தனை முறை விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரிக்க முடிகிறது என்று எண்ணினால் போதும். இருபதும் அதற்கு மேலும் இயல்பு. மூட்டுவாதமோ பக்கவாதமோ இருந்தாலும் எண்ணிக்கை குறையும் என்பதால் இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அல்ல, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லும் சோதனை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், பிசியோதெரபிஸ்டும் வருகிறார். அந்தப் பதிவேட்டில் இரண்டு கட்டம் கூடுதலாக வேண்டும்: பத்து நொடியில் எத்தனை முறை, குதிகாலையும் விரலையும் ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்க முடிகிறதா. ஏற்கெனவே வேலைப்பளு மிகுந்தவர்கள் மேல் இன்னொரு சுமையா என்று கேட்பது நியாயமே. அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒரு முறை என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். செலவுக்கு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

அரசு கட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து எண்ணிப் பாருங்கள். இருபதை எட்டவில்லை, நடையும் தடுமாறுகிறது என்றால், மருத்துவரிடம் சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால் கழுத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.