பைனஸ் நிழலில் முளைக்கும் காடு

சிங்கராசக் காட்டின் ஓரத்தே வரிசை வரிசையாய்ப் பைனஸ் மரங்கள் நிற்கின்றன. கரிபியன் பிரதேசத்து மரங்கள் இவை. சேனைப் பயிர் செய்து கைவிட்ட நிலங்களிலே 1970களின் பிற்பகுதியில் நடப்பட்டவை. ஊற்றை வற்றச் செய்யும் மரம், தன் கீழே எதனையும் முளைக்கவிடாத மரம் என்று ஊரார் இதனை வைவதுண்டு. முதற் குற்றச்சாட்டை இன்று ஆராயப் போவதில்லை. இரண்டாவது முழு உண்மையன்று.

வெட்டவெளியிலே பன்னம் அடர்ந்து வெயிலும் கொளுத்துமாயின், காட்டுமர விதை முளைத்தாலும் பிழைப்பது அரிது. பைனஸ் ஓங்கி நிழல் கவிந்ததும் பன்னம் மெலிகிறது, மண் குளிர்கிறது. பறவைகளும் வௌவால்களும் கொணர்ந்த விதைகள் அங்கே தலைதூக்குகின்றன. ஒளி விரும்பியாகிய பைனஸின் சொந்தக் கன்றுகளோ அந்நிழலில் தழைப்பதில்லை. பிறர் பிள்ளையை வளர்க்கும் செவிலி என்றே இதனைச் சொல்லலாம்.

ஆயினும், எல்லா மரங்களும் இவ்வாறு தாமே வந்துவிடா. நாகமரம், சிங்களத்தில் ‘ஹொர’ எனப்படும் பெருமரம் முதலியவற்றின் காய்கள் கனமானவை. தாய்மரத்தை விட்டுத் தொலைவு செல்லா. இவற்றை மனிதனே நடவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளரான குணதிலக்க தம்பதியரும் வனவியலாளர் மார்க் அஷ்டனும் இவ்வாறு நட்டுப் பார்த்து, 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். பைனஸ் வரிசைகள் சிலவற்றை வெட்டி ஒளிக்கு வழிவிட்ட இடங்களிலே, முழு நிழலிலும் பார்க்கக் கன்றுகள் செழித்தன. அடியோடு வெட்டிவிடுவதோ, ஒன்றையும் தொடாது விடுவதோ வேண்டியதில்லை.

மலைநாட்டுப் பைனஸ் தோப்புகள் பலவற்றின் நிலை வேறு. அருகே விதை தரும் இயற்கைக் காடு இல்லை. உதிர்ந்த ஊசியிலைகள் வரட்சியிலே எளிதில் தீப்பற்றுவன. பல ஆண்டுகள் வளர்ந்த கன்றுகளை எரிக்க ஒரு பீடித் துண்டு போதும்.