சிரமதானமும் இன்சொல்லும்

ஹந்தானை மலைச்சரிவில் ஒரு தோட்டப் பாதையைச் சிரமதானத்தால் செப்பனிடுகிறோம் எனக் கொள்வோம். ஒருவர் பிந்தி வருகிறார். இன்னொருவர் எல்லார் வேலையிலும் குறை காண்கிறார். கூலிக்கு வந்தவராயின் கூலியைக் குறைக்கலாம். தொண்டரிடம் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவரை நம்மோடு பிணைப்பது சொல் ஒன்றே.

1958ஆம் ஆண்டு, கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன மாணவர்களைக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிறந்த சர்வோதய இயக்கம் இவ்வுண்மையை உணர்ந்திருந்தது. ஈகை, இன்சொல், பயன்தரு செயல், சமத்துவம் என்று பௌத்தம் கூறும் நான்கினையும் தன் முகாம்களுக்கு நெறியாக்கிற்று. தொண்டர்கள் 'குடும்பக் கூட்டமாக' அமர்ந்து மனம்விட்டுப் பேசினர்.

நேயர்களே, இன்சொல் முகத்துதியன்று. பிந்தி வந்தவரைப் பலர் முன் கடியாது, தனியே அழைத்துக் காரணம் கேளுங்கள். வீட்டில் பிணியாளர் இருக்கலாம். குறை காண்பவர் கான் வெட்டுவதில் தேர்ந்தவராக இருக்கலாம். அப்பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். அதன் பின்னும் பணிக்கு இடையூறு நேர்ந்தால், நேர்ந்ததை மட்டும் தெளிவாகச் சொல்லி, வேறு வேலை கொடுங்கள்.

மழை அரித்த பாதையை மறுபடியும் செப்பனிடலாம். மனம் புண்பட்டவரோ அடுத்த முறை மண்வெட்டியுடன் வரமாட்டார்.