நாத்திகருக்கு ஆன்மிக அவையில் இடமுண்டா?

கிளிநொச்சியை அடுத்துள்ள உருத்திரபுரம் இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். பழமை வாய்ந்த உருத்திரபுரீசுவரர் கோயில் அவ்வூருக்குப் பெருமை தருவது. ஈழத்துச் சைவக் கோயில்களில் புராணபடனம் என்னும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒருவர் செய்யுளைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரார் இருந்து கேட்பர். அத்தகைய அவையொன்றில், கடவுள் இல்லை என்னும் கொள்கையுடைய ஒருவர் வந்து அமர்ந்து, தாமும் ஒரு வார்த்தை சொல்ல விரும்பினால், அவையோர் என்ன செய்தல் வேண்டும்? “நம்பாதவனுக்கு இங்கு என்ன அலுவல்?” என்று சிலர் முகஞ்சுளிப்பர். தேனை உண்ணாதவன் தேனின் சுவையைப் பேசலாமோ என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்தல் நன்று.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். நாத்திகர் என்னுஞ் சொல் பண்டைக்காலத்தில் வேதத்தின் பிரமாணத்தை மறுத்தோரையே பெரிதுங் குறித்தது. அவ்வகையிற் பௌத்தரும் சமணரும் நாத்திகர் எனப்பட்டனர். உலகைப் படைத்த இறைவன் ஒருவனை அவ்விரு சமயங்களும் ஏற்பதில்லை. நிரீச்சுர சாங்கியரும் அவ்வாறே. ஆயினும் தியானம், புலனடக்கம், கொல்லாமை, பற்றறுத்தல் என ஆன்மிக வாழ்வுக்கு உரியனவாக இன்று யாவரும் போற்றுவனவற்றில் எத்துணைப் பகுதி இவர்களால் வளர்க்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், ஆன்மிகம் என்பது கடவுட் கொள்கையினும் பரந்ததொரு நிலம் என்பது விளங்கும்.

இனி, கடவுள், உயிர், மறுமை ஆகிய மூன்றையும் ஒருங்கே மறுக்கும் உலோகாயதரை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கேனும் தமிழர் தம் அவையில் இடம் மறுத்தனரோ எனின், இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரிலே சமயக் கணக்கர் பலரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த மணிமேகலை, பூதவாதியின் கூற்றையும் கேட்டபின்னரே தன் கருத்தைக் கூறுகின்றாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரோ சைவ சித்தாந்தத்தின் தலையாய நூல்களில் ஒன்று. அதன் முற்பகுதியாகிய பரபக்கம் பிறர் மதங்களைக் கூறி மறுப்பது. அங்கே முதலில் வந்து பேசுபவன் உலோகாயதன். அவன் மதம் முன்னர் உரைக்கப்படுகின்றது. மறுப்பு அதன் பின்னரே வருகின்றது. தன் கொள்கையை நிறுவுமுன் எதிர்க்கொள்கையை எடுத்துரைத்தல் ஆசிரியருக்குக் கடமையாய் இருந்தது.

இக்கடமையாற் சித்தாந்தம் பெற்ற பயன் சிறிதன்று. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனியே சிவப்பில்லாதன. மூன்றுங் கூடியவழிச் சிவப்புத் தோன்றுகின்றது. அவ்வாறே பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பது உலோகாயதர் காட்டும் பழைய உவமை. வெற்றிலை போடும் எவருக்கும் இது விளங்கும். ஆயின் இதற்கு விடை கூறுதல் எளிதன்று. உடம்பின் வேறாய் உயிர் உண்டென்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாவை இத்துணைக் கூர்மையாக எழுப்பியவன் நம்பாதவனே. அவன் வினவாதிருந்தால் நம்புவோர் தம் கொள்கைக்கு அரண் தேடியிரார்.

அண்மைக்காலத்தில் இலங்கையில் இவ்வினாக்களை உரத்த குரலில் எழுப்பியவர் கலாநிதி ஆபிரகாம் கோவூர். 1898 ஆம் ஆண்டு கேரளத்துத் திருவல்லாவிலே கிறித்தவ மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். அங்கே வேதபாடத்தையும் அவரிடம் ஒப்படைத்தனர் என்றும், மாணவர் யாவரும் பரீட்சையிற் சிறப்பாகச் சித்தியெய்தினர் என்றும், அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்கு அளிக்கப்படவில்லை என்றும் கூறுவர். காரணம் வினவியபோது, பெறுபேறு மிக நன்று, ஆயின் மாணவர் தம் சமய நம்பிக்கையை இழந்துவிட்டனர் என்ற கருத்துப்பட அதிபர் விடையிறுத்தாராம். பின்னர் அவர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராய் விளங்கினார். மோசடிக்கு இடமில்லாத முறையில் அற்புதஞ் செய்து காட்டுவோருக்கு ஓரிலக்கம் ரூபா தருவதாக 1963 இல் அறைகூவினார். 1978 இல் அவர் இறக்கும் வரையில் அப்பரிசை எவரும் வென்றிலர். போலிச் சாமியாரிடம் பொருளிழந்த ஏழை மக்களுக்கு இது பேருதவி. உண்மையான பத்திக்கும் இது பகையன்று; களை பிடுங்குவோன் நெல்லுக்குப் பகைவன் ஆகான்.

ஆயினும் கோவூரது முறைக்கும் எல்லையுண்டு. தெய்வ ஆவேசம், பேய் முதலியவற்றை அவர் பெரும்பாலும் மனநோயாகவோ ஏமாற்றாகவோ கண்டார். அவற்றுட் பல அவ்வாறே இருத்தல் கூடும். ஆனால், விடியற்காலையில் நீராடித் திருநீறணிந்து, கேட்பதற்கு ஒன்றுமின்றிக் கைகூப்பி நிற்கும் மூதாட்டியின் மனநிலையை எந்தப் பரீட்சையாலும் அளத்தல் இயலாது. இங்கே ஒரு பாகுபாடு வேண்டப்படுகின்றது. ஆன்மிகப் பேச்சில் அநுபவம், கொள்கை, ஒழுக்கம் என மூன்று கூறுகள் உள. அநுபவத்தைப் பற்றிப் பேசும்போது அதனைப் பெறாதவன் பொறுமையுடன் கேட்டல் முறை. கொள்கையும் ஒழுக்கமும் யாவர்க்கும் பொது. பாடத் தெரியாதவனும் சுருதி பிசகியதை உணர்வான். அதைச் சொல்லுதற்கு அவனுக்கு உரிமையுண்டு.

ஒழுக்கத்தின் வழியே நம்புவோரும் நம்பாதோரும் ஒன்றுகூடியதற்குக் காந்தியடிகளும் கோராவும் சான்றாவர். கோரா எனப்பட்ட கோபராசு இராமச்சந்திரராவ் ஆந்திர நாட்டு நாத்திகர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் சிறிதுகாலம் கற்பித்தவர். தீண்டாமையை ஒழிக்கப் பாடுபட்ட அவரைக் காந்தியடிகள் சேவாக்கிராமத்திற்கு வரவழைத்து நெடிது உரையாடினார். கடவுளே உண்மை என்று முன்பு கூறிவந்த காந்தியடிகள், உண்மையே கடவுள் என்று 1931 ஆம் ஆண்டளவில் மாற்றிக் கூறியிருந்தார். கடவுளை மறுப்போரும் உண்மையை மறுப்பதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். கோராவின் மகளுக்கும் அரிசன இளைஞர் ஒருவருக்கும் நடக்கவிருந்த திருமணத்திற் கடவுளின் பெயருக்குப் பதிலாக உண்மையின் பெயரால் உறுதிமொழி கூறவும் அவர் இசைந்தார். அவர் மறைந்தபின், 1948 இல் சேவாக்கிராமத்திலேயே அம்மணம் நிகழ்ந்தது. இருவருள் எவரும் தம் கொள்கையை விட்டிலர். இருவரும் ஒருவரையொருவர் நிறைவாக்கினர்.

நம் நாட்டிலும் இத்தகையதொரு நிகழ்ச்சி உண்டு. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் கதவுகள் சாதியின் பெயராற் சிலருக்கு அடைபட்டிருந்தபோது, அவற்றைத் திறக்கவேண்டிப் போராடிய தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்திற் பொதுவுடைமையாளர் பலர் முன்னின்றனர். கோயிலுக்குட் சென்று வணங்கும் வேட்கை தமக்கு இல்லாதவர், வணங்க விரும்பிய பிறருக்காக அடிபட்டனர். கதவை அடைத்தோர் ஆத்திகர்; திறக்க முயன்றோருள் நாத்திகரும் இருந்தனர். இவ்விரு திறத்தாருள் இறைவனுக்கு அண்மையில் நின்றவர் யாவர் என்னும் வினாவை எந்தப் பிரசங்கியாரும் தவிர்த்தல் ஆகாது.

இறுதியாக, வன்னி மண்ணுக்கே உரிய நாத்திகன் ஒருவன் உளன். அவன் நூல் கற்றோ, சங்கத்திற் சேர்ந்தோ நாத்திகன் ஆனவனல்லன். 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே மாதம் வரையில் ஊர் ஊராய்ப் பெயர்ந்து, பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்து, வெறுங்கையுடன் மீண்ட மக்கள் பலர். அவர்களுள் முன்னிலும் உறுதியாகக் கடவுளைப் பற்றிக்கொண்டோர் உளர்; படத்தின் முன் விளக்கேற்றுவதை அத்துடன் நிறுத்திக்கொண்டோரும் உளர். “அன்று எங்கே போயிருந்தார்?” என்று அத்தகையவன் கேட்கும்போது, வினைப்பயன் என்று ஒரு சொல்லால் அவன் வாயை அடைத்துவிடுதல் எளிது. அருணந்தி சிவாசாரியாரின் முறை அதுவன்று. எதிர்வாதியை முழுதும் பேசவிட்டுப் பின்னரே விடை தேடுதல் அவர் முறை. மேலும், அநுபவம் பெறாதவன் கேட்டிருத்தல் முறை என்று மேலே கூறப்பட்டது. இங்கே அநுபவம் பெற்றவன் நம்பாதவன். ஆகவே கேட்டிருத்தல் நம்புவோரின் கடமையாகின்றது.

ஆகவே நாத்திகருக்கு ஆன்மிக அவையில் இடமுண்டு. அவர் பிறர் நம்பிக்கையை இகழாது, அதனைக் கற்றறிந்து பேசுதல் வேண்டும். நம்புவோரும் அவர் வினாவைப் பழிச்சொல்லாகக் கொள்ளாது வினாவாகவே ஏற்றல் வேண்டும். கோயில் மண்டபத்திற் புராணபடனம் நடக்கும் மாலையில், வாயிலோரம் தயங்கி நிற்பவனைக் கண்டால், “வாரும், இரும்” என்று ஒரு பாயை விரித்துக் கொடுத்தல் சைவத்திற்கு இழுக்காகாது. அவன் பேசினால் அவை கேட்கட்டும். பேசாதிருந்தாலும் அவன் வந்தமர்ந்ததே போதும்.