சுட்டுட்டு கீமோவும் கொடு!

ஹாஸ்டல் ரூம்ல வார்டனுக்குத் தெரியாம ஹீட்டர் காயில் போட்டு முட்டை வேக வெச்சிருக்கீங்களா? அப்படின்னா இந்த மேட்டர் உங்களுக்குச் சட்டுனு புரிஞ்சுடும். வழவழன்னு இருந்த வெள்ளைக்கரு சூடு ஏற ஏற கெட்டியாகுது. புரதம் உறைஞ்சாச்சு, இனி பழைய நிலைக்குத் திரும்பாது. கல்லீரலில் பரவிய புற்றுநோய்க் கட்டிக்கும் டாக்டர்கள் செய்வது ஏறக்குறைய இதைத்தான்!

பெருங்குடல்ல வந்த கேன்சர் ஏன் கல்லீரலுக்குப் போகுது? எல்லாம் ப்ளம்பிங்தான். குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் நேரா இதயத்துக்குப் போறதில்லை. போர்ட்டல் வெயின் என்ற பெரிய குழாய் வழியா முதல்ல கல்லீரலுக்குத்தான் வரும். அதில் தொத்திக்கிட்டு வரும் புற்றுசெல்களுக்கு முதல் ஸ்டாப்பிங்கே அங்கேதான். வெட்டி எடுக்க முடிஞ்சா ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா, கட்டிகள் ரெண்டு பக்கமும் சிதறிக் கிடந்தாலோ, வெட்டினா மிஞ்சும் கல்லீரல் போதாதுன்னாலோ? ஒரு காலத்தில் கீமோதெரபி மட்டும்தான் வழி.

இங்கேதான் ஊசி வருது. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே மெல்லிய ஊசி எலெக்ட்ரோடை கட்டிக்குள் செருகுவாங்க. நொடிக்குச் சுமார் 4 முதல் 5 லட்சம் தடவை திசை மாறும் மின்சாரம் பாயும். திசுவில் உள்ள அயனிகள் அங்கேயும் இங்கேயும் அல்லாடும்; அந்த உரசலில் சூடு பிறக்கும். 60 டிகிரியைத் தாண்டினா செல் காலி. இதுதான் ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன். அதுக்காக ஒரேயடியா சூட்டை ஏத்திடவும் கூடாது. 100 டிகிரிக்கு மேல போனா ஊசியைச் சுற்றித் திசு கருகி, மின்சாரத்தையே மறிச்சுடும். அதிகமா காய்ஞ்ச கல்லில் தோசை ஊத்தினா என்ன ஆகும்? அடி கருகும், மேலே மாவு அப்படியே நிற்கும். அதே கதை! பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருந்தா இன்னொரு தலைவலி. ஓடுற ரத்தம் சூட்டை அள்ளிட்டுப் போயிடும், ஓரத்து செல்கள் தப்பிச்சுடும். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளில்தான் இந்த வித்தை நல்லா பலிக்குது.

சரி, சுட்டாச்சு. போதுமா? போதாது. ஸ்கேனுக்குத் தெரியும் கட்டியை மட்டும்தான் ஊசி குத்தும். தெரியாம ஒளிஞ்சிருக்கும் செல்களை ரத்தத்தோடு ஓடும் மருந்துதான் தேடிப் பிடிக்கணும். ரெண்டையும் சேர்த்தா நல்லதுன்னு யாருக்கும் தோணும். ஆனா, தோணுறது நிரூபணம் ஆகாதே!

2002ல் ஐரோப்பாவில் ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. பேரு 'க்ளாக்'. குடலில் இருந்து கல்லீரலுக்கு மட்டும் பரவி, ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில் இருந்தவங்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு கீமோ மட்டும். இன்னொரு குழுவுக்கு கீமோவோடு சூடும். ஆனா, ஆளே சேரலை. 2007ல் 119 பேரோடு நிறுத்த வேண்டியதாப் போச்சு. 2012ல் முதல் ரிசல்ட் வந்தது. 30 மாசத்தில் உயிரோடு இருந்தவங்க, சூடு வாங்கியவங்கள்ல 61.7 சதவிகிதம், கீமோ மட்டும் வாங்கியவங்கள்ல 57.6. ப்ச்... பெரிசா வித்தியாசமே இல்லை!

நாமளா இருந்தா ஃபைலை மூடி பரண்ல போட்டிருப்போம். அவங்க விடலை. கிட்டத்தட்ட 10 வருஷம் அந்த 119 பேரையும் தொடர்ந்து கவனிச்சாங்க. 2017ல் வந்த கணக்கைப் பாருங்க: 8 வருஷம் கழிச்சு உயிரோடு இருந்தவங்க, ரெண்டு சிகிச்சையும் பெற்றவங்கள்ல 35.9 சதவிகிதம். கீமோ மட்டும் பெற்றவங்கள்ல 8.9! மூணு வருஷம் வரைக்கும் ஒட்டிக்கிட்டே வந்த ரெண்டு கோடுகளும் அதுக்கப்புறம் விலகிப் போயிடுச்சு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறவங்க உடனே 'சாம்பிள் சின்னதாச்சே'ன்னு கையைத் தூக்குவீங்க. நியாயம்தான். சூடு வாங்கிய குழுவில் சிலருக்குக் கூடவே ஆபரேஷனும் நடந்திருக்கு. அதனால மொத்தப் பெருமையையும் ஊசிக்கே கொடுத்துட முடியாது. ஆனாலும், பரவிய கேன்சர்ல மூணுல ஒருத்தருக்கு மேல 8 வருஷம் தாண்டினாங்கன்னா, அதைச் சின்ன விஷயம்னு ஒதுக்க எனக்கு மனசு வரலை.

பெரும்பாலும் நெதர்லாந்தில் நடந்த 'கொலிஷன்' சோதனை 2025ல் வெளியாச்சு. அது கேட்டது வேற கேள்வி: 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியை வெட்டுறதா, சுடுறதா? உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் சுடுவதில்தான் குறைவு. ஆக, ஆபரேஷன் முடியாதவங்களுக்காக வந்த ஊசி இப்போ ஆபரேஷனுக்கே போட்டி!

வீட்டில் யாருக்காவது இந்த நிலைமைன்னா ஒண்ணை மட்டும் கவனிங்க. கீமோவில் சின்னக் கட்டிகள் ஸ்கேன்ல மறைஞ்சே போறது உண்டு. மறைஞ்சதெல்லாம் செத்துட்டதா அர்த்தம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசியை எங்கே குத்துறது? அதனால கீமோ தொடங்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க: "சார், இதுல எதையாவது வெட்டவோ, சுடவோ முடியுமா?"