பயோடீசல் ஊற்றும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

சிலமலையில் சரக்கு ஏற்றிய லாரி போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் இழுவையில்லாமல் நின்றால், பின்னால் மொத்தப் பாதையும் நிற்கும். பயோடீசலுக்கு மாறும் பழைய வண்டிகளுக்கு இந்த ஆபத்து உண்டு. டேங்க் அடியில் வருடக்கணக்கில் படிந்த கசடை அது கரைத்து, ஃபில்டரில் கொண்டுபோய் அடைக்கும். எனவே முதலில் டேங்க்கைக் கழுவி, தண்ணீரை வடித்துவிடுங்கள். மாற்று ஃபில்டர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறிக் கசியும், மாற்றிவிடுவது நல்லது.

பாமாயிலில் தயாரான சுத்த பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே கெட்டிப்படத் தொடங்கும். மார்கழி இரவில் மேட்டில் நிறுத்திய வண்டி காலையில் கிளம்ப மறுக்கலாம்.

டீசலில் 7 சதவீதம் வரை கலப்பது தர விதிக்கு உட்பட்டதுதான். அதற்கு மேல் என்றால் வாரன்டி விதிகளைப் படியுங்கள். ஐ.எஸ். 15607 தரச்சான்று இல்லாமல் மலிவாகக் கேனில் வருவது பயோடீசலே இல்லாமலும் இருக்கலாம்.